பதினேழு டேக்

"பதினேழாவது தடவை அறைஞ்சப்போ நான் என்ன சரியாப் பண்ணினேன்? அதை மட்டும் காட்டுங்கக்கா. பாத்துட்டுப் போயிடறேன்."

எடிட்டர் நாற்காலியைத் திருப்பிப் பார்த்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள் புதுக் கதாநாயகி. இடது கன்னம் வீங்கி, அந்தப் பக்கத்துக் கண் பாதி மூடியிருந்தது. நேற்றுக் காலையில் எடுத்த காட்சி. அண்ணன் தங்கையை அறைகிறான். நிஜமாகவே அறைய வேண்டும் என்று இயக்குநர் சொல்லியிருந்தார்.

"முதல்ல உக்காரு. ஐஸ் வெச்சியா?"

"வெச்சேன். பதினாறு தடவையும் 'உயிர் இல்ல, ஒன் மோர்'னார். அண்ணனா நடிச்சவரே கடைசில கண் கலங்கிட்டார். ஒரு அழுகை ஒழுங்கா வரலேன்னா நான் எதுக்குக்கா நடிக்கணும்? பழைய ஆபீஸ்ல பேசிட்டேன். திங்கட்கிழமை சேர்ந்துடுவேன்."

"அடி வாங்கினது நீ. பரீட்சைல தோத்தது டைரக்டர். நீ எதுக்கு ஊரைப் பாத்துக் கிளம்பறே?"

யூனிட்டில் எடிட்டருக்குப் பட்டப்பெயர் 'கத்திரி'. எதையும் வெட்டிவிடுவாள், ஆனால் விளக்கம் சொல்லத் தொடங்கினால் அதை மட்டும் வெட்டத் தெரியாது. மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவள் முன் விரித்தாள்.

"மட்டமான டைரக்டரை நான் எப்படிக் கண்டுபிடிப்பேன் தெரியுமா? படத்தைப் பாத்து இல்ல, இந்த லாக் ஷீட்டைப் பாத்து. கிளாப் அடிக்க அடிக்க அசிஸ்டென்ட் இதுல டேக் நம்பரை எழுதிக்கிட்டே வருவான். தனக்கு என்ன வேணும்னு தெரிஞ்ச டைரக்டர் மூணு எடுப்பார், நாலு எடுப்பார். நடுவுல எதையாவது மாத்தச் சொல்வார். மெதுவாத் திரும்பு, கன்னத்துல கை வைக்காதேம்பார். தெரியாதவர் வெறுமனே 'ஒன் மோர்' போட்டுக்கிட்டே இருப்பார். செருப்புக் கடைல முப்பது ஜோடியை இறக்க வெச்சுட்டு, முதல்ல போட்டுப் பாத்ததையே வாங்கிட்டுப் போறவன் இல்ல? அந்த ஜாதி. உன்கிட்ட என்ன மாத்தச் சொன்னார்?"

"ஒண்ணுமே சொல்லல."

"பாத்தியா?"

"தப்பு என் மேலயும் இருக்குக்கா. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வா, இந்த சீனை விளக்கறேன்னு கூப்பிட்டார். அம்மாவோட வரேன்னேன். 'அம்மா எதுக்கு?'ன்னார். நான் போகல. போய்க் கேட்டிருந்தா ஒரே டேக்ல முடிஞ்சிருக்கும்."

எடிட்டர் இதைப் பாதிக் காதில்தான் வாங்கினாள். அவள் கணினியில் நேற்றைய காட்சியைத் திறந்துகொண்டிருந்தாள். திறந்ததும் அவள் கை அப்படியே நின்றது.

பதினேழு டேக்குக்கும் சேர்த்து ஒரே ஒரு ஃபைல்தான் இருந்தது.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல, இரு." எடிட்டர் பக்கத்து ஃபோல்டர்களில் தேடினாள். பதினாறு டேக் காணோம் என்றால், காப்பி எடுத்த தன் தலைதான் உருளும். கேமராவிலிருந்து வந்த மெமரி கார்டையே செருகிப் பார்த்தாள். அதிலும் ஒன்றுதான்.

"அழிஞ்சு போச்சா?"

"அழிஞ்சா தெரியும். ஒவ்வொரு தடவை பட்டனை அழுத்தும்போதும் கேமரா தானே ஒரு நம்பர் போடும். நடுவுல எது காணாமப் போனாலும் பல்லு விழுந்த மாதிரி இடைவெளி தெரியும். இங்க உன் முதல் டேக் நாப்பத்தொண்ணு, காலைல ஒன்பதரை மணி. அடுத்து நாப்பத்திரண்டு, மத்தியானம் ரெண்டு மணி. அது சாப்பிட்டு வந்தப்புறம் எடுத்த தோட்டத்து சீன்." அவள் குரல் இறங்கியது. "ஏம்மா, கேமரா ஓடும்போது எரியுமே, அந்த சிவப்பு லைட் எரிஞ்சுதா?"

"அது நடிக்கிறவங்க கண்ணுல அடிக்கும்னு கறுப்பு டேப் ஒட்டியிருப்பாங்களே, எப்பவும் போல. கிளாப் அடிச்சாங்க. ஆக்ஷன்னார். அறை விழுந்துச்சு. பதினேழு தடவையும்."

"மானிட்டர்?"

"அதை அவர் மட்டும்தான் பாப்பார். வேற யாரையும் பக்கத்துல விடமாட்டார்."

எடிட்டர் அந்த ஒற்றை ஃபைலை ஓடவிட்டாள்.

திரையில் கை வீசப்பட்டது. தங்கையின் முகம் திரும்பியது. அவள் உடனே அழவில்லை. நம்ப முடியாமல் அண்ணனைப் பார்த்தாள். உதடு எதையோ சொல்ல வந்து நின்றது. அதன்பிறகுதான் கண் நிறைந்தது. அழுகை எப்போது தொடங்கியது என்று சொல்ல முடியாதபடி அது வந்திருந்தது. எடிட்டர் இருபது வருடத்தில் இப்படி ஒன்றை வெட்டியதில்லை.

"இதுலயா உயிர் இல்லன்னார்?"

கதாநாயகி திரையில் இருந்த தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கட்!" என்றது இயக்குநரின் குரல்.

எடிட்டர் நிறுத்தவில்லை. கட் சொன்ன பிறகும், பட்டனை அழுத்தும்வரை கேமரா சில நொடிகள் ஓடும். பக்கத்தில் நின்று கிசுகிசுத்தாலும் அதன் மைக்கில் விழும். படத்துக்கு உதவாத அந்த வாலை எடிட்டரைத் தவிர யாரும் கேட்பதில்லை.

காலடிச் சத்தம் கேமராவை நெருங்கியது. ஒளிப்பதிவாளரின் காதருகே, அதே குரல், சிரிப்போடு பேசியது.

"பிரமாதம். இதுக்கு மேல எவளும் நடிக்க முடியாது, இதுவே போதும். நிறுத்திடு, ஆனா கேமரா ஓடுற மாதிரியே நில்லு... ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வராதவ, மத்தியானம் வரைக்கும் அறை வாங்கட்டும்."