ஜன்னல் பக்கம்

“திருப்பியே போடறதில்லயா தைலம்மா?”

வீடு வீடாக வந்து பார்க்கும் நர்ஸ் பாரதி, கொளஞ்சியப்பனின் லுங்கியை விலக்கிப் பிடித்தபடி கேட்டாள். வலது இடுப்பில், எலும்பு துருத்தும் இடத்தில், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத் தோல் கருத்து, ஓரம் ஈரமாக இருந்தது.

தைலம்மாளுக்குச் சுருக்கென்றது.

“இன்னாம்மா இப்டிக் கேட்டுட்ட? ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா போனு அடிக்குது. வெட்டற கரும்ப அப்டியே போட்டுட்டு ஓடியாறன். ‘உன் புருசன் இன்னா தோசையா, திருப்பித் திருப்பிப் போடறதுக்கு’ன்னு மேஸ்திரி கேக்கறான். கரும்புக் கொல்லையே சிரிக்குது. அதுக்கும் ரோசப்படாம ஓடியாறன்.”

பொய்யில்லை. கரும்பு லோடு ஏற்றும்போது டிராக்டர் உச்சியிலிருந்து அவன் விழுந்து எட்டு மாதம். இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது. ஒரே பக்கம் கிடந்தால் புண் வரும், புண் வந்தால் ஆளையே தின்றுவிடும் என்று சொல்லிக்கொடுத்தவளே பாரதிதான். ரெண்டு மணி நேரம் ஜன்னல் பக்கம், ரெண்டு மணி நேரம் சுவர்ப் பக்கம். அவன் பிடித்து எழும்ப உத்தரத்தில் ஒரு கயிறு.

தைலம்மாள் ஒரு முறைகூடத் தவறவிட்டதில்லை.

பாரதி அவனை ஜன்னல் பக்கமாகப் புரட்டி இடது இடுப்பை அமுக்கிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. குழந்தைத் தோல் மாதிரி இருந்தது.

கட்டிலோரம் குத்துக்காலிட்டு, அவன் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள்.

“அண்ணே, நீங்க சொல்லுங்க. உங்களுக்கு எந்தப் பக்கம் படுக்கப் புடிக்கும்?”

எட்டு மாதத்தில் யாரும் அவனிடம் அதைக் கேட்டதில்லை. தைலம்மாளும் கேட்டதில்லை.

அவன் வாய் திறப்பதற்குள், தைலம்மாளின் இடுப்பில் செருகியிருந்த போன் அலறியது. தெருக்கோடிக் கொல்லையில் அடித்தாலும் வீடு வரைக்கும் கேட்கும் அலாரம்.

கொளஞ்சியப்பனின் கை தானாக மேலே போனது. கயிற்றைப் பிடித்தது. கட்டுக் கட்டாகக் கரும்பு தூக்கிய தோள். ஒரே தம்மில் எம்பி, மறு கையால் காலை இழுத்துப் போட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

செய்தபிறகுதான் அவனுக்கே உறைத்தது.

தைலம்மாள் அந்த முதுகைப் பார்த்தபடி நின்றாள். சுவர்ப் பக்கம் போட்டுவிட்டுப் போனால், அவள் தலை மறைந்ததும் ஜன்னல் பக்கம். அலாரம் கேட்டதும் மறுபடி சுவர்ப் பக்கம். அவன் உயிருக்காக அவள் வைத்த மணிதான் அவனுக்கு உளவு சொல்லியிருக்கிறது.

“யோவ், அந்தப் பக்கம் அப்டி இன்னாத்தய்யா கீது?”



“கோவப்படாத. செவுத்தயே பாத்துக்கினு மனுசன் எவ்ளோ நேரம் கெடப்பாரு?” என்றாள் பாரதி. “தலவாணிய கால்மாட்டுல போட்டுப் படுக்க வெய்யி. எடது பக்கம் படுத்தாலும் ஜன்னல் தெரியும்.”

தைலம்மாள் கீழே உட்கார்ந்து, தலையணை உயரத்துக்கு முகத்தை இறக்கி, ஜன்னல் பக்கம் படுத்தால் அவன் பார்க்கும் இடத்தைப் பார்த்தாள்.

ஜன்னல். அப்பால் தெரு. சிமெண்டு ரோட்டை மேலே மேலே போட்டதில், ஜன்னலுக்கு ஒரு முழம் கீழே வரைக்கும் உயர்ந்துவிட்ட தெரு.

கம்பிகளின் அடியில் பிசுபிசுவென்று விரல் தடங்கள். கட்டைவிரலே மொச்சைக்கொட்டை அளவுதான் இருக்கும். எறும்பு ஊர்ந்தது.

“யாரு புள்ள கை இது?”

அவன் சுவரிடம் சொன்னான்.

“மூக்கு அப்டியே உன்னுதுதான்.”

நாலு வருஷத்துக்கு முன்னால், மகள் செந்தமிழ்ச்செல்வி இஷ்டப்பட்டவனோடு போன மறுநாள், இருவரும் கோமுகி வாய்க்காலில் அவளைத் தலைமுழுகினார்கள். அவன்தான் முதலில் முங்கினான். இனிமேல் இந்த வூட்ல அவ பேரு கேக்கக் கூடாது என்று சொன்னவனும் அவன்தான். அன்றிலிருந்து தைலம்மாள் தூக்கத்தில்கூட அந்தப் பெயரைச் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மகள் பிள்ளையோடு ஜன்னலில் வந்து நிற்பதைத் தெருவே பார்த்திருக்கும். ஒருத்தியும் மூச்சு விடவில்லை.

எழுந்து தலையணையை உருவிக் கால்மாட்டில் போட்டாள். இரண்டு பேருமாக அவனைத் திருப்பிப் படுக்க வைத்தார்கள். புண் பட்ட இடுப்பு மேலே. முகம் ஜன்னல் பக்கம்.

அவன் அவளைப் பார்த்தான். அவள் பார்க்கவில்லை. போனை எடுத்து பாரதியிடம் நீட்டினாள்.

“இந்தச் சத்தம் மட்டும் வராம பண்ணிக் குடும்மா. கேட்டா புள்ள ஓடிப் பூடும்.”

“சத்தம் வராட்டி எப்டி ஓடியாருவ?”

“இடுப்புலதான சொருவிக்கினு இருக்கறன். நடுங்குனா எனக்குத் தெரியும்.”