ஐஸ் பெட்டியில் ஒத்திகை

ஏகப்பன் கண்ணாடி மூடியை இறக்கினான். நான் மூச்சு விட வேண்டும் என்பதற்காக விளிம்பில் ஒரு செங்கல்லை வைத்திருந்தான்.

"காலை நல்லா நீட்டுடா. இதுல படுத்தவுக யாரும் இதுவரைக்கும் குளிருதுன்னு சொன்னதில்ல."

ஏகப்பன் என் கூட்டாளி. கோவிலூர் ரோட்டில் பந்தல், நாற்காலி, ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு விடுகிறான். சுற்றுவட்டாரத்தில் யார் செத்தாலும், சிங்கப்பூரில் இருக்கும் மகன் வந்து சேரும்வரை உடம்பு கிடப்பது அவனுடைய பெட்டியில்தான்.

நான் சாகவில்லை. ஸ்லீப்பிங் பேக்கைச் சோதித்துக்கொண்டிருந்தேன்.

சித்திரை மாத மதியம். வெளியே தார் இளகிக்கொண்டிருந்தது. காரைக்குடியில் மலைக்குளிர் கிடைக்கும் வேறு இடம் எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை கொடைக்கானல் மலையில் கேம்ப். கூடாரம் கிடையாது. மரத்துக்கு மரம் ஹேமக் கட்டி, அந்தத் துணித் தொட்டிலில்தான் தூங்க வேண்டும்.

கூட்டிப்போகிறவர்கள் பெனிட்டாவின் அண்ணன்கள், மரிய ஆனந்தும் செல்வினும். இருவரும் மலையிலேயே பிறந்தவர்கள் போலப் பேசுவார்கள். தங்கையை எனக்குக் கொடுக்கலாமா வேண்டாமா என்பதை அங்கே வைத்து முடிவு செய்வதாகச் சொல்லியிருந்தார்கள்.

ராத்திரி ஷிப்ட் வேலையை விட்டுவிட்டு வீட்டில் கிடக்கும் என்னைப் பற்றித் தன் வீட்டில் சொல்ல, பெனிட்டாவுக்கு நல்லதாக எதுவும் கிடைக்கவில்லை. அதனால் நான் வருஷம் முழுக்க மலை மலையாகப் போய் ஹேமக் கட்டிப் படுப்பவன் என்று சொல்லிவிட்டாள்.

நான் ஏறிய ஒரே மலை குன்றக்குடி. அதிலும் பாதியில் இறங்கிவிட்டேன்.

"பொய் சொன்னது அவ. வெறைக்கப்போறது நீயி" என்றான் ஏகப்பன்.

கடையில் இருந்ததிலேயே தடிமனான ஸ்லீப்பிங் பேக்கைத்தான் வாங்கியிருந்தேன். ஹேமக்கின் அடியில் தொங்கவிட ஒரு மெத்தையும் வேண்டும் என்று கடைக்காரர் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். பனி மேலேயிருந்துதானே பெய்கிறது.

ஃப்ரீசர் பெட்டியில் குளிர் கீழேயிருந்து வருகிறது.

மார்பு வியர்த்தது. முதுகு மரத்துப்போனது. என் பாரத்தில் அடிப்பக்கத்துப் பஞ்சு அப்பளமாக நசுங்கிக் கிடந்தது. ஹேமக்கிலும் இதே கதைதான், அடியில் காற்று வேறு அடிக்கும்.

"ஏகப்பா, முதுகு போச்சுடா."

"கெட. வீட்ல இருந்தாலும் படுத்துத்தான கெடப்ப."

ஆனாலும் மனசு கேட்காமல், கல்யாணத்துக்கு விரிக்கிற ஜமுக்காளத்தை மடித்து எனக்குக் கீழே திணித்தான். முதுகுக்கு உயிர் வந்தது. இடுப்புக்கு ஜமுக்காளம் எட்டவில்லை.

வாசலில் புல்லட் வந்து நின்றது.

"ஏகப்பண்ணே, இருக்கீகளா?"

மரிய ஆனந்தின் குரல். மாதா கோயிலில் மைக் இல்லாமல் வாசகம் வாசிக்கும் குரல். அதைத் தவறாக அடையாளம் காண முடியாது.

மலை மலையாகப் போய்ப் படுத்தவன் பிணப்பெட்டியில் ஒத்திகை பார்க்க மாட்டான். என்னைப் பார்த்தால் பெனிட்டாவின் பொய் அம்பலம். கல்யாணம் அதோடு சரி.

முகத்தையும் உள்ளே இழுத்து ஜிப்பை மூடினேன்.

இரண்டு ஜோடிச் செருப்புச் சத்தம் உள்ளே வந்து சட்டென்று நின்றது. பிறகு செருப்புகளைக் கழற்றும் சத்தம்.

"யாருண்ணே இது?" செல்வினின் குரல் தணிந்திருந்தது.

"நம்ம பயதான். வேலவெட்டி இல்லாம கெடந்தான்."

"பாவம். கல்யாணம் ஆனவரா?"

"ஆகுற மாதிரிதான் இருந்துச்சு."

ஏகப்பனை அப்போதே கொன்றிருப்பேன். கை பைக்குள் இருந்தது.

மரிய ஆனந்த் தொண்டையைச் செருமினார். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் செபம் சொல்ல முதல் ஆளாக நிற்பவர். பிணத்தைக் கண்டால் சும்மா போக அவரால் முடியாது. என் ஆன்மாவின் இளைப்பாற்றிக்காக மன்றாட ஆரம்பித்தார். என் பாவங்களை மன்னிக்கச் சொன்னார். நான் விட்டுப்போன குடும்பத்துக்கு ஆறுதல் கேட்டார். நன்றாகத்தான் சொன்னார். எனக்கே கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

செபம் முடிந்தது. சுற்றி நிற்பவர்கள் பதில் சொல்ல வேண்டிய இடம் வந்தது.

"ஆமென்" என்றேன்.

முதல் நற்கருணை வாங்கிய வயதிலிருந்து பழகிய வாய். மூளையைக் கேட்காது.

யாரோ துள்ளினார்கள். ஒரு நாற்காலி அடுக்கு சரிந்தது. வேறு வழியில்லாமல் ஜிப்பை இறக்கி முகத்தை வெளியே எடுத்தேன்.

செல்வின் சுவரோடு ஒட்டி நின்றான். அவனுடைய கக்கத்திலிருந்து நழுவிய ஒரு உருளை தரையில் உருண்டு கொண்டிருந்தது. விலைச்சீட்டுகூடக் கிழிக்காத, புத்தம்புது ஸ்லீப்பிங் பேக். மரிய ஆனந்தின் கையிலும் ஒன்று இருந்தது. அதை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார். அது அவரைவிடத் தடிமன்.

ஏகப்பன் மூடியைத் தூக்கினான்.

"எந்திரிடா. பெட்டிக்கு அடுத்து இவுக சொல்லி வச்சிருக்காக."

மரிய ஆனந்த் மறைத்த உருளையை முன்னால் கொண்டுவந்தார். பெட்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு என் பக்கம் குனிந்தார்.

"கீழ என்ன விரிச்சிருக்கீக, மாப்ள?"