பூவரசங்காய் மஞ்சள்

அறை விளக்கை அணைத்ததும் பூனையின் காது பச்சையாக ஒளிர்ந்தது.

மருத்துவர் கையில் சின்ன விளக்கு. அதிலிருந்து கத்தரிப்பூ நிறத்தில் வெளிச்சம் கசிந்துகொண்டிருந்தது. அது பட்ட இடத்தில், சுக்கு என்ற அந்தப் பூனையின் இடது காதோரம், ஒவ்வொரு முடியும் தனித்தனியாக மின்னியது.

அழகாக இருந்தது. நோயைப் பார்த்து அழகு என்று நினைத்ததில் அவளுக்குக் கொஞ்சம் வெட்கமும் வந்தது.

"படர்தாமரைம்மா. தொத்திக்கும். உங்க முழங்கையில இருக்கறதும் இதேதான். வீட்ல வேற யாருக்காவது இருக்கா?"

"இல்ல டாக்டர். அவர் இதைத் தொடவே மாட்டார்."

வெள்ளைக் களிம்பு ஒன்று கொடுத்தார். ஆறு வாரம் பூசவேண்டும். பூனையைத் தனியாக அடைத்து வைக்கவேண்டும். அது படுத்த துணியையெல்லாம் கொதிக்கிற தண்ணீரில் போடவேண்டும்.

ஆறு வாரத்துக்கு எங்கே போவது? ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கு நாள்தான் இருந்தது.

அவள் கைத் தடிப்பைப் பார்த்த அன்றே கணவன் கூடத்து ஆணியில் ஒரு சாக்கை மாட்டிவிட்டான். சுவரைப் பார்த்துச் சொன்னான், ஞாயிற்றுக்கிழமை பூனையை மீன் மார்க்கெட்டில் கொண்டு விடப்போவதாக. சாக்கில் கட்டிக்கொண்டு போனால்தான் திரும்பி வர வழி தெரியாதாம்.

அவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். இரவெல்லாம் வேலை, பகலெல்லாம் தூக்கம். அவளுக்குப் பகலில் நூலகம். ஒரே வீட்டில் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் வாழ இதைவிட வசதி கிடையாது.

பதினோரு மாதமாக அப்படித்தான்.

அவள் அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு அவன் வரவில்லை. கப்பல் வந்துவிட்டது என்றான். நெஞ்சில் கல்லை வைத்துக்கொண்டு பிறந்தவன் என்று அவள் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு இரண்டு அறை, இரண்டு துவைத்தல், இரண்டு சாப்பாட்டு நேரம்.

அம்மா வீட்டிலிருந்து அவள் எடுத்து வந்தது சுக்கை மட்டும்தான்.

பூனை போனால் தானும் போவது என்று அவள் முடிவு செய்திருந்தாள். பையில் நான்கு சேலை மடித்து வைத்தாயிற்று. அவனிடம் சொல்லவில்லை. சொல்வதற்கும் பேச வேண்டுமே.

தினமும் காலையில் பின்வராந்தாவில் பூனையை விட்டுத் தாழிடுவாள். மாலையில் வந்து பார்த்தால் தாழ் அப்படியே இருக்கும். உள்ளே சுக்கு நாளெல்லாம் வேறெங்கோ சுற்றிவிட்டு வந்த முகத்தோடு உட்கார்ந்திருக்கும்.

சனிக்கிழமை மாலை அதன் காதில் மஞ்சள் திட்டு தெரிந்தது.

களிம்பு வெள்ளை. இது என்ன மஞ்சள்? ஈரத்துணியால் துடைத்தாள். போகவில்லை. முற்றிவிட்டது என்று நினைத்தாள். பூனையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். வாசல் பூவரசில் கைக்கெட்டும் கிளைகளெல்லாம் காயில்லாமல் இருந்தன. தெருப்பிள்ளைகள் பம்பரம் விடப் பறித்திருப்பார்கள்.

ஞாயிறு காலை கொதிக்கவைத்த துணிகளை மொட்டைமாடியில் உலர்த்திவிட்டு இறங்கினாள். கண்ணில் இன்னும் ஆவி நின்றது. வீடு முழுக்கப் புகைக்குள் இருப்பதுபோல் தெரிந்தது.

கூடத்து ஆணி காலியாக இருந்தது.

பின்வராந்தாவுக்கு ஓடினாள். தாழ் திறந்து கிடந்தது. சுக்கு இல்லை.

அவன் அறைக் கதவைத் தள்ளினாள். பதினோரு மாதத்தில் முதல்முறை.

வேலை முடிந்து வந்த களைப்பில் அவன் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தான். சாக்கு நான்காக மடிக்கப்பட்டு அவன் நெஞ்சின்மேல் இருந்தது. அதன்மேல் சுக்கு. வழக்கமான இடத்தில் படுத்திருப்பதுபோல் சுருண்டு கிடந்தது.

நோய் தொத்தாமலிருக்கச் சாக்கு போலும்.

ரொம்பத் தாமதமான யோசனை. பனியனுக்கு மேலே, கழுத்துக்குக் கீழே, மூன்று தடித்த வளையங்கள். மூன்றின் மேலும் மஞ்சள் கறை. ஜன்னல் கட்டையில் வரிசையாகப் பூவரசங்காய்கள், நகத்தால் கீறியவை. அவன் ஊரில் படர்தாமரைக்கு அந்தக் காயின் மஞ்சள் பால்தான் மருந்து. டாக்டர் கேட்டால் திட்டுவார்.

தனக்கு ஒரு தடவல், பூனைக்கு ஒரு தடவல். அவள் இல்லாத பகல்களில் இந்த அறையில் நடந்துகொண்டிருந்தது இதுதான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உடனே அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கினாள். கதவு கிறீச்சிட்டது.

அவன் கண்ணைத் திறந்தான். பூனையை மறைக்க ஒரு கை போயிற்று. பிறகு அதைப் பூனையின் முதுகிலேயே வைத்துக்கொண்டான்.

மாடியில் ஈரத்துணிகள் காற்றில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

சுக்கை மெல்ல இறக்கிவிட்டு அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். பனியனை மேலே சுருட்டினான்.

"முதுகுல ஒண்ணு இருக்கு. கை எட்டல."

அவள் ஜன்னல் கட்டையிலிருந்து ஒரு காயை எடுத்தாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். நகத்தால் கீறினாள்.

மஞ்சள் ஊறி வரக் கொஞ்சம் நேரமானது.

இருவரும் காத்திருந்தார்கள்.