கம்பி வழியே ஒரு டம்ளர் மோர்

“அம்மா, நீ கேட்டுப் பக்கமே போகாத. அவங்க கார் வந்து நின்னதும் இங்க இருந்தே நான் தொறந்து விடுறேன். அசந்து போயிருவாங்க பாரு.”

சிங்கப்பூரிலிருந்து ஷ்யாம் போனில் பேசிக்கொண்டிருந்தான். வில்லாபுரம் வீட்டுச் சமையலறையில் வடைக்கு மாவு பிசைந்தபடி ஷ்யாமளா எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள். கறிவேப்பிலை இல்லை, முக்குக் கடை வரை ஒரு எட்டுப் போய்விட்டு வருகிறேன், கேட்டைத் திறந்து விடு என்று கேட்டாள். இந்த வெயிலில் அலைய வேண்டாம், கறிவேப்பிலை இல்லை என்று வடை கோபித்துக்கொள்ளாது என்று சிரித்தான். மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டதாம். வைத்துவிட்டான்.

தெருவில் யாரோ ஒரு அம்மாவின் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனதிலிருந்துதான் இதெல்லாம். அடுத்த லீவில் வந்தவன் பெரிய கேட்டுக்கு மோட்டார் வைத்தான். பக்கத்தில் இருந்த சின்ன கேட்டை வெல்டிங் வைத்து அடைத்தான். கேட், கேமரா, லைட், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றையும் கொண்டுபோய்த் தன் போனில் சேர்த்துக்கொண்டான். என் போனிலும் கேட்டை மட்டுமாவது போட்டுக் கொடேன் என்று ஷ்யாமளா கேட்டதற்கு, “நீ தெரியாம எதையாச்சும் அமுக்கிருவம்மா” என்றுவிட்டான்.

பாசக்காரப் பிள்ளை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவனுடைய அப்பாவுக்கும் இதே அக்கறைதான். இருந்தவரைக்கும் ஆபீஸ் கிளம்பும்போது வாசல் கதவை வெளியே பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டுதான் போவார். எல்லாம் அவள் பத்திரத்துக்காகத்தான்.

ஷ்யாமுக்கு முப்பத்து நாலு முடியப் போகிறது. ஜாதகம் பொருந்தினால் பெண்ணுக்குப் பிடிக்காது, பெண்ணுக்குப் பிடித்தால் ஜாதகம் பொருந்தாது என்று இழுத்தடித்து, கடைசியில் சுஷ்மாவின் ஜாதகம் வந்திருந்தது. வீடியோவில் பேசியும் ஆயிற்று. இன்றைக்கு வீடு பார்க்க வருகிறார்கள். பிடித்திருந்தால் வைகாசியில் கல்யாணம். வழக்கமாகப் பெரியவர்கள் மட்டும்தான் வருவார்கள், இந்தப் பெண் தானும் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றதாம். இதை விட்டால் இனிமேல் வரன் அமைவது சிரமம் என்று தரகர் வேறு சொல்லி வைத்திருந்தார்.

கார் வந்து நின்றது. கேட் அசையவில்லை.

பெண்ணின் அப்பா கைலாசநாதன் இரண்டு தரம் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு இறங்கினார். கூடவே சுஷ்மாவும் இறங்கினாள். ஷ்யாமளா உள்ளே நின்றுகொண்டு மகனுக்குப் போன் போட்டாள். அடித்து அடித்து ஓய்ந்தது.

“மீட்டிங்ல இருக்கான் போல. அவன்தான் தொறக்கணும் அண்ணே.”

“கையால தள்ள வழியில்லையாம்மா? இம்புட்டு வெயில்ல நிக்க முடியல.”

“கரண்ட் போனா தொறக்கிறதுக்குன்னு ஒரு சாவி குடுத்தாங்க. எங்க வச்சேன்னு தெரியலையே” என்று ஷ்யாமளா கையைப் பிசைந்தாள். உள்ளே ஓடிப்போய் மோர் எடுத்துவந்து, கம்பிகளுக்கு நடுவே டம்ளரை நீட்டினாள். கைலாசநாதன் ஒரே மடக்கில் குடித்துவிட்டு நிழல் தேடிக் காருக்குள் போனார். சுஷ்மா டம்ளரை வாங்கிக்கொண்டு குடிக்காமல் நின்றாள்.

“கடைக்குப் போகணும்னா என்ன செய்வீங்க ஆன்ட்டி?”

“அவன்கிட்டக் கேப்பேன்மா. தொறந்து விடுவான்.”

“அவர் போன் எடுக்கலைன்னா?”

“எடுத்ததும் போவேன்.”

அந்தப் பெண் கேட்டை மேலும் கீழும் பார்த்தாள். மோரை மெதுவாகக் குடித்து முடித்தாள்.

கொஞ்ச நேரத்தில் கேட் தானாக நகர்ந்தது. தூணிலிருந்த ஸ்பீக்கரில் ஷ்யாம் வாங்க வாங்க என்றான். கைலாசநாதனுக்கு வெயில் கோபமெல்லாம் எங்கே போயிற்றோ, சிங்கப்பூரில் இருந்துகொண்டே திறக்கிறாரே என்று வாயைப் பிளந்தார். வடை சாப்பிடும்போது ஷ்யாம் வீடியோவில் வந்து ஒவ்வொன்றையும் விளக்கினான்.

“விசா வர்ற வரைக்கும் சுஷ்மா இங்கதான இருக்கப் போறாங்க. நீங்க கவலையே பட வேண்டாம் அங்கிள். எப்பப் போறாங்க, எப்ப வர்றாங்கன்னு எல்லாம் எனக்குத் தெரிஞ்சுரும்.”

கைலாசநாதன் திருப்தியாகத் தலையாட்டினார். அவர்கள் கிளம்பிப் போனதும் கேட் தானாகச் சாத்திக்கொண்டது.

சாயங்காலம் ஷ்யாமின் குரல் உடைந்திருந்தது.

“அந்தப் பொண்ணு வேண்டாம்னு சொல்லிருச்சாம்மா. அவங்கப்பா எம்புட்டோ சொல்லிப் பார்த்தாராம், கேக்கலையாம். நீ ஏதாச்சும் சொன்னியா?”

“நான் ஒண்ணுமே சொல்லலப்பா.”

அது உண்மைதான். நேரத்துக்குச் சாப்பிடு என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டு, அழுகை அடங்கும் வரை உட்கார்ந்திருந்தாள். ஷ்யாமளாவின் கல்யாணத்துக்கு முந்தி, இந்த வீட்டுப் பூட்டை அவளுக்கு யாருமே காட்டவில்லை.

முகம் கழுவிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். தூணின் மேலிருந்த கேமரா பார்த்துக்கொண்டிருந்தது. பார்க்கட்டும் என்று, மத்தியானம் அவர்கள் வெயிலில் நின்றபோதும் இடுப்பிலேயே செருகியிருந்த அந்தச் சாவியை எடுத்து மோட்டாரில் போட்டுத் திருப்பி, கேட்டைக் கையால் தள்ளிவிட்டு, ஷ்யாமளா கறிவேப்பிலை வாங்கப் போனாள்.