அத்தான் பேசிய ஒரே வசனம்

அத்தானை முதலில் கண்டது 1936இல் எடுத்த அமெரிக்கப் படம் ஒன்றில். மேசைக்குச் சாப்பாடு கொண்டுவருபவராக வந்தார். ஒட்டுசுட்டானில் அக்கா வீட்டில், அவளுடைய கைபேசியில் பார்த்தோம். அத்தான் பிறந்தது 1971இல், காணாமல் போனது 2009இல், போரின் கடைசி நாட்களில். படத்தில் அவருடைய வெள்ளைச் சேட்டின் இரண்டாவது பொத்தான் கறுப்பு நூலால் தைக்கப்பட்டிருந்தது. இடம்பெயர்ந்தபோது வெள்ளை நூல் கிடைக்காமல் அக்கா தைத்த பொத்தான் அது.

பிறகு தேடித் தேடி அறுபத்தொரு படங்கள் பார்த்தோம். சாரதியாக, காவல்காரராக, சவப்பெட்டி தூக்குபவராக வந்தார். எதிலும் வாய் திறக்கவில்லை.

"பாவம், அவரைக் கதைக்க விடுறாங்களில்லை," என்பாள் அக்கா.

கடைசியில் 1951ஆம் ஆண்டுப் படம் ஒன்றில் பேசினார். ஒரு பெண் ஏதோ கேட்க, சிரித்தபடி பதில் சொன்னார்.

"என்னவாம்?" என்றாள் அக்கா.

ஆங்கிலம் தெரிந்த அக்காவின் மகள் கிருசாந்தி தயங்கினாள். "தனக்கு ஊரில ஒருத்தரும் இல்லையாம், அம்மா."

இத்தனை வருடமும் வேண்டாமென்று மறுத்த மரணச் சான்றிதழைக் கேட்டு, மறுநாள் அக்கா பொட்டில்லாமல் கிராம சேவகரிடம் போனாள்.

"கடைசியா அவரை எப்ப கண்டனீங்கள், அம்மா?" என்று அவர் படிவத்தைப் பார்த்துக் கேட்டார்.

"நேற்றுப் பின்னேரம்," என்றாள் அக்கா. "சிரிச்சுக்கொண்டு நிண்டவர்."