முப்பத்திரண்டு மணி நேரம், மூன்று நாள்

மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் இன்னும் காயவில்லை. முருகனுக்கு முடி கொடுத்துவிட்டு மலையிலிருந்து நேராக வக்கீல் நிர்மலாவின் அலுவலகத்துக்கு வந்திருந்த கங்காதரன், செருப்பில்லாத காலோடு நின்று ஆஸ்பத்திரி பில்லை மேசைமேல் போட்டார்.

"இதுக்கு மேல குடுக்க என்கிட்ட தலைமுடிகூட இல்ல மேடம். ஆஸ்பத்திரின்னு பேர் வெச்சிகினு கொள்ளையடிக்கிறானுங்க."

மனைவிக்குப் பித்தப்பையில் கல். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் திங்கள் இரவு பதினொரு மணிக்குச் சேர்த்தார். புதன் காலை ஏழு மணிக்கு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆக முப்பத்திரண்டு மணி நேரம்தான், ஆனால் பில்லில் மூன்று நாள் வாடகை.

நிர்மலா பேர், விலாசம் கேட்க இரண்டு முறை வாயெடுத்தார். அதற்கெல்லாம் கங்காதரனுக்குப் பொறுமை இல்லை. கோர்ட்டு விவகாரமெல்லாம் மேனேஜர்தான் பார்ப்பாராம், இது வீட்டு விஷயம் என்பதால் தானே வந்தாராம். திங்கட்கிழமை ஒரு மணி நேரம் படுத்ததற்குப் பிடுங்கிய முழு நாள் வாடகை வட்டியோடு திரும்பி வந்தாக வேண்டும். இதை விட்டால் நாளைக்கு எந்த ஏழை ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பான் என்று ஏழைகளுக்காகவும் கொஞ்சம் கண் கலங்கினார்.

சுவரோர பெஞ்சில் கலீம் உட்கார்ந்திருந்தான். கே.ஜி.கண்டிகையில் பைக் மெக்கானிக், ஏதோ மனுவில் கையெழுத்துப் போட வந்தவன். தன் பக்கம் தலையாட்ட ஆள் தேடிய கங்காதரனின் பார்வை, அவன் நீட்டியிருந்த காலின் ஆபரேஷன் தழும்பில் விழுந்தது.

"உள்ள பிளேட் இருக்குதா? குளிர் காலத்துல குடையும்."

"ஆங்" என்றான் கலீம். அந்த மொட்டைத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நிர்மலா விஷயத்தை உடைத்துச் சொன்னார். சட்டத்தில் ஒரு நாளைக்கு இவ்வளவு என்றுதான் இருக்கிறது, நாள் என்றால் என்ன என்று எழுதவில்லை. போன வருடம் இதே சண்டையை அவரே நுகர்வோர் கோர்ட்டில் போட்டார். நோயாளியைக் காப்பாற்ற வந்த சட்டம் இது, எனவே நாள் என்றால் இருபத்து நான்கு மணி நேரம் என்று வாதாடினார்.

எதிர்த்தரப்பு தினசரி காலண்டரைத் தூக்கிக் காட்டியது. நள்ளிரவு தாண்டினால் தேதி மாறுகிறது, தேதி மாறினால் புது நாள். சட்டத்தின் நோக்கத்தைத் தேடுவதைவிடக் காலண்டரைப் பார்ப்பது சுலபம் அல்லவா, கோர்ட்டும் அதையே பிடித்துக்கொண்டது. எழுத்தில் இருப்பதை அப்படியே படிக்க வேண்டும் என்று பதினெட்டுப் பக்கத் தீர்ப்பு.

கங்காதரன் இளக்காரமாகச் சிரித்தார். இத்தனை வருடம் சட்டம் படித்துக் கற்றுக்கொண்டது காலண்டர் கிழிக்கத்தானா என்று கேட்டார். மலையடிவாரத்து லாட்ஜ்காரன்கூட இருபத்து நாலு மணி நேரம் கணக்கு வைக்கிறான், உயிர் காக்கிற இடத்தில் அந்த யோக்கியதைகூட இல்லையா என்றார். ஊரில் நியாயமே செத்துவிட்டதாகவும் அறிவித்தார்.

நிர்மலா தீர்ப்பு நகலை எடுக்க பீரோவைத் திறந்தார்.

"இப்படி ஒரு வாதத்தை வெச்சு ஜெயிச்சானே, அந்த மனசாட்சி இல்லாதவன் யாரு மேடம்? தோத்தவன் பாவம், என்ன ஆனானோ."

பெஞ்சைப் பிடித்துக்கொண்டு கலீம் மெல்ல எழுந்தான்.

"தோத்தவன் நான்தாங்க. ஜெயிச்சது உங்க ஆஸ்பத்திரி, டாக்டர்."