பதினாறு போல்ட்டு

"இந்த போல்ட்டை உன் காருல போட மாட்டேன்" என்றாள் அசிமினா.

லாம்பிஸுக்குச் சுருக்கென்றது. இன்று வெள்ளி. ஞாயிற்றுக்கிழமை கிரீஸின் பிலியோ மலையில், நேரம் பார்த்து இரண்டு ஓட்டம் ஏறும் கார் பந்தயம். அவன் கார் அவளுடைய ஒர்க்‌ஷாப்பில் நாலு சக்கரமும் இல்லாமல் முட்டுக்கட்டை மேல் நிற்கிறது.

"அதுக்கு என்ன குறைச்சல்? மரை சரியா இருக்கு. புது வீல் தடிமனாச்சேன்னு நீளமாவும் வரவழைச்சேன்."

"கழுத்தைப் பார்த்தியா?"

வீல் போல்ட்டின் தலைக்குக் கீழே பல் பல்லாக வெட்டிய கழுத்து இருக்கும். சக்கரம் மாட்டும் ஹப்பின் துளையில் அடித்து இறக்கினால் அந்தப் பல்தான் கவ்விப் பிடிக்கும். அசிமினா ஒன்றை எடுத்துத் துளைக்குள் தள்ளினாள். சுத்தியலே வேண்டியிருக்கவில்லை. விரலை எடுத்ததும் அது தானாக நழுவித் தரையில் விழுந்தது.

"ஒரு மில்லிமீட்டர் ஒல்லி. பாதி மலையில நட்டோட சேர்ந்து இதுவும் சுத்தும். அப்புறம் வீல் ஒரு பக்கம் போகும், நீ ஒரு பக்கம் போவே."

"அப்ப பழைய போல்ட்டையும் பழைய வீலையுமே மாட்டு."

"காலையில நான் வர்றதுக்குள்ள நீயே பழசையெல்லாம் சுத்தியலால அடிச்சுக் கழட்டிட்டியே, மகராசா! ஒரு தடவை கழட்டினா பல்லு போச்சு. திரும்பப் போட்டா பிடிக்காது. சரியானது ஏதென்ஸ்லேர்ந்து வரத் திங்கக்கிழமை ஆயிடும்."

திங்கட்கிழமை, காரை விலைக்கு வாங்கிய லாரிஸா ஊர்க்காரன் வந்து எடுத்துக்கொண்டு போகிறான். வீட்டில் மூன்றாவது குழந்தை வரப்போகிறது. இனி பந்தயமெல்லாம் இல்லை என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. ஏழு வருடமாக இரண்டாவதாகவே வந்தவனுக்கு இதுதான் கடைசி மலை.

அந்த ஏழு வருடமும் முதலில் வந்தது யார்? அசிமினாவின் அண்ணன் ரிஸோஸ். அதே மாடல் கார். பின்பக்க ஷெட்டில்தான் நிற்கிறது.

"இப்பப் புரியுது" என்றான் லாம்பிஸ். "எட்டாவது கோப்பையும் உங்க வீட்டு அலமாரிக்கே வரணும். அதுக்குத்தான் இந்த ஒரு மில்லிமீட்டர் கதை!"

அவள் முகம் சிவந்தது. விழுந்த போல்ட்டைப் பொறுக்கி அவன் கையில் கொடுத்தாள். பின்பக்கம் போனாள். திரும்பி வர வெகு நேரம் ஆனது.

"நாளைக்குச் சாயங்காலம் வா."

சனிக்கிழமை போனால், பதினாறு புது போல்ட்டும் ஹப்பில் உட்கார்ந்திருந்தன. அசிமினா ஒவ்வொரு நட்டையும் கையால் எண்ணி எண்ணிச் சுற்றினாள்.

"ஒம்பது சுத்து ஏறுது. நட்டு பிடிச்சு நிக்க எட்டுக்குக் குறையக் கூடாது."

"எங்கே கிடைச்சுது?"

"கிடைச்சுது. முதல் ஓட்டம் முடிஞ்சதும் நட்டு தளரும், எல்லாத்தையும் மறுபடி இறுக்கு. மறந்துடாதே."

ஞாயிறு காலை, ரிஸோஸ் வரவே இல்லை.

லாம்பிஸ் விடுவானா? முதல் ஓட்டம் முடிந்து கீழே வந்ததிலிருந்து, கையில் ஃப்ராப்பே காபியோடு ஆள் ஆளாகத் தேடிப் போய்ச் சொன்னான். "என் புது வீலைப் பார்த்துட்டான்யா! பயந்துட்டான்!" எல்லோரும் சிரித்தார்கள்.

இரண்டாவது ஓட்டத்தில் கார் மலையைக் கட்டிக்கொண்டு ஏறியது. வளைவுக்கு வளைவு அவனுக்கே புல்லரித்தது. போன வருடம் ரிஸோஸ் ஓட்டியதைவிட இரண்டு நொடி குறைவு. கோப்பை அவனுக்கு.

அதை ரிஸோஸின் மூக்குக்கு நேரே காட்டாமல் வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. நேரே ஒர்க்‌ஷாப்புக்கு விட்டான். ஷெட்டின் கதவு திறந்திருந்தது.

உள்ளே ரிஸோஸ் ஒரு கிளாஸ் சிபுரோ சாராயமும் ஒரு தட்டு ஆக்டோபஸுமாக உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பின்னால் அவன் கார், முட்டுக்கட்டை மேல். சுவரோரம் நாலு புது வீல்கள், உறைகூடப் பிரிக்காமல். ஒவ்வொரு ஹப்பிலும் நாலு வெறும் துளைகள். கீழே ஒரு தகர டப்பாவில், அடித்துக் கழற்றிய பழைய போல்ட்டுகள். மேஜையில் காலியான ஓர் அட்டைப்பெட்டி, மேலே ரிஸோஸின் பெயர்.

லாம்பிஸின் கையில் கோப்பை திடீரென்று கனத்தது.

"அது... உனக்கு வந்ததா?"

"எனக்கு அடுத்த வருஷமும் மலை இருக்குப்பா. உனக்கு இல்லையே."

இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா? ஏழு வருடம் அவன் பின்னாலேயே ஓடியும், அவன் எவ்வளவு உயரத்தில் இருக்கிறான் என்று லாம்பிஸுக்கு இன்றுதான் தெரிந்தது.

"அது கிடக்கட்டும்" என்றான் ரிஸோஸ். "முதல் ஓட்டத்துக்கப்புறம் நட்டை மறுபடி இறுக்கினியா, இல்லையா?"

இறுக்க வேண்டிய அந்தப் பத்து நிமிடத்தில்தான், ரிஸோஸ் பயந்துவிட்டான் என்று லாம்பிஸ் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

ரிஸோஸ் கிளாஸைக் கீழே வைத்தான். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வெளியே போய், ஜெயித்த காரின் முதல் சக்கரத்தருகே மண்டியிட்டான்.